கண்டுபிடித்தவர்

கூட்டி முடித்து, முப்பத்துநாலு என்று சிவப்பு மையில் எழுதிய பிறகுதான் அவள் அந்த விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். தேற முப்பத்தைந்து வேண்டும்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருத்தும் முகாமுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. பத்து மதிப்பெண் கேள்வி: உலகம் பிறந்த கதையை வட ஐரோப்பாவின் பனிநாட்டு நார்ஸ் மக்களும் கிரேக்கரும் சொன்னதை ஒப்பிட்டு, அதில் அவரவர் வாழ்க்கை எப்படித் தெரிகிறது என்று எழுத வேண்டும். விடைக்குறிப்பில் ஐந்து வரிகள் இருந்தன. வரிக்கு இரண்டு.

"என்ன மேடம், ஒரே பேப்பர்ல குடித்தனம் நடத்துறீங்க?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "பனிக்கட்டிய நக்குற பசுவுக்கு ரெண்டு, பிள்ளைய முழுங்குற அப்பனுக்கு ரெண்டு. போட்டுட்டுப் போய்ட்டே இருங்க."

அப்படித்தான் போட்டிருந்தாள். நான்கு. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'பனிநாட்டுக் கடவுள்கள் அரக்கனைக் கொன்று, அவன் மண்டையோட்டையே வானமாகக் கவிழ்த்தார்கள். குளிரில் எதையும் வீணாக்க முடியாது. கொன்றதற்கு அடியிலேயே குடியிருக்க வேண்டும். கிரேக்க அப்பா பிள்ளைகளை விழுங்கினார். அவர்கள் சாகவில்லை. உள்ளே என்ன செய்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. சத்தம் போடாமல் இருந்திருப்பார்கள்.'

கீழே, பொடி எழுத்தில்: 'இதில் தேறாவிட்டால் அப்பா விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்.'

எழுதியது ஆணா பெண்ணா தெரியாது. பெயர் இருந்த மேல்துண்டைக் கிழித்துவிட்டு எண் மட்டும் ஒட்டியிருந்தார்கள். நாலை அடித்து ஐந்தாக்கலாம். ஆனால் அடித்துத் திருத்தினால் தலைமைத் திருத்துநர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

"சொல்லும்மா" என்றார் தலைமைத் திருத்துநர். நல்ல மாதிரி. காலையில் அவளுக்கு மின்விசிறிக்கு அடியில் இடம் பார்த்துக் கொடுத்தவர்.

"மேடம், இது விடைக்குறிப்புல இல்ல. ஆனா சொந்தமா யோசிச்சு எழுதியிருக்கு. ஒரு மார்க்..."

அவர் படித்தார். தலையை ஆட்டினார். "தாராளமாப் போடலாம்" என்று பச்சைப் பேனாவைத் திறந்தவர், கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம். அதனாலதான்..."

"அடிப்பாவி! திருத்துறவங்ககிட்ட கெஞ்சி எழுதினா முறைகேடும்மா. இந்தப் பிள்ளை இந்தத் தடவை எழுதின அத்தனை பேப்பரும் ரத்து."

"கெஞ்சல மேடம். சும்மா சொல்லுது."

"வாசகம் என்னன்னு யார் பாக்கப் போறா? பேசாம முப்பத்துநாலோட விட்டிருந்தா, இந்த ஒரு பேப்பரை மட்டும் திரும்ப எழுதியிருக்கும்."

"நீங்க பாக்கலன்னு வச்சுக்கோங்களேன்."

குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. இரண்டு மேசைகள் திரும்பிப் பார்த்தன. தலைமைத் திருத்துநரும் அந்த மேசைகளைப் பார்த்தார். பிறகு அந்த வரியைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு முறைகேட்டுப் படிவம் எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"கண்டுபிடித்தவர்னு இருக்கு பாரு, அங்க கையெழுத்துப் போடும்மா."

போட்டாள். அலுவலக ஊழியர் பழுப்பு உறையின் வாயை ஊதிப் பிரித்து, விடைத்தாளை உள்ளே விட்டார். உறை கொஞ்சம் உப்பியது. உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு ஒட்டினார்.