கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டு

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பாலத்தடிச் சுவரில் கம்பிப் பிரஷ்கள் கரகரக்கத் தொடங்கிவிட்டன. நாலு பெண்கள், தண்ணீர் அடிக்க ஒரு பம்ப்காரர். பெயிண்ட் எடுக்கிற மருந்தின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீராக இறங்கியது. ஊர் உறங்கும்போது யாரோ எழுதிவிட்டுப் போவதை ஊர் விழிப்பதற்குள் இவர்கள் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

அவர்களில் இந்த வேலையில் ஆறு வருடம் தேய்ந்த ஒருத்திக்குச் சுரண்டி என்று பட்டப்பெயர். "பேருதான் எனக்கு. சுரண்டுறது காண்ட்ராக்டர்" என்பாள்.

இன்று அந்த வேடிக்கையும் வாயில் வரவில்லை. போன வாரம் மருந்து வாளி சரிந்து, கூட வேலை செய்த அவள் அண்ணியின் வலது கை வெந்துபோயிற்று. கையுறை கொடுத்தோம், அவள்தான் போடவில்லை என்று காண்ட்ராக்டர் எழுதி வைத்துக்கொண்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சுரண்டி ஆறு வருடத்தில் அந்தக் கையுறையைக் கனவில்கூடக் கண்டதில்லை.

"இங்க வந்து பாரும்மா" என்று பம்ப்காரர் கூப்பிட்டார்.

வண்டிப் புகையும் எண்ணெயும் படிந்து கருத்த சுவரில், இடுப்பு உயரத்தில், வரிசையாக இருபது சிவப்புக் கைகள். நிஜக் கையின் அளவு. உருவம் வெட்டிய ஒரே தகட்டை வைத்து வைத்துப் பெயிண்ட் அடித்த வேலை. விரல்களில் கொப்புளங்கள். கொப்புளம் இருக்கும் இடத்தில் பெயிண்ட் படாமல் சுவரின் கருப்பே தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில்: கையுறை எங்கே?

"கையுறைன்னா கிளவுஸ்தானே?" என்றார் பம்ப்காரர்.

எழுத்தின் சுழிகள் கழன்று விழாதபடி விட்டிருந்த குட்டி இணைப்புகளைப் பார்த்ததுமே சுரண்டிக்குப் புரிந்துவிட்டது. குடோனில் மூட்டைகளுக்குப் பெயர் அடிக்கத் தகடு வெட்டுகிற அவள் அண்ணனைத் தவிர வேறு யாரும் இப்படி வெட்டமாட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பெண்டாட்டிக்காக அவன் கிறுக்கிவிட்டான். தேய்க்கப் போவது யார்? தங்கச்சிதானே!

காண்ட்ராக்டரின் வண்டி வந்து நின்றது.

"வேடிக்கை பாக்கவா வந்தீங்க? கழுவுங்க."

"அந்த ஹோட்டல் சுவத்துல கொட்டாவி விடுற பூனை இருக்கே சார், அதுவும் தகடு வச்சு அடிச்சதுதானே?" என்றார் பம்ப்காரர். "அதுக்கு மட்டும் கண்ணாடி போட்டு, காவலுக்கு ஆளும் போட்டிருக்காங்க. பத்தடிக்குள்ள தண்ணிகூடப் படக் கூடாதுன்னீங்க."

"அது கலைய்யா. இது கிறுக்கல்."

"எத வச்சு சார் பிரிக்கிறீங்க?" சுரண்டி கேட்டுவிட்டாள்.

"அதப் பாக்க எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க. இதப் பாக்க எவன் வருவான்?"

"பூனை கொட்டாவி விட்டா கலை. நாங்க வாயத் தொறந்தா கிறுக்கலா?"

"வாய் நீளுதே! மத்தியானத்துக்குள்ள இது போகலேன்னா அண்ணிக்குத் துணையா நீயும் வீட்ல உக்காந்துக்க." வண்டியில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "மருந்து பத்திரம். பெயிண்ட் மேல மட்டும் தடவு. கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டு போகக் கூடாது." தினமும் ஓதுகிற மந்திரம்தான் அது.

வேலையை விட்டால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சுரண்டி உட்கார்ந்தாள். அண்ணியைச் சுட்ட அதே மருந்தைத் தொட்டு அண்ணியின் கையை அழித்தாள். விரல் விரலாக, எழுத்து எழுத்தாக, கொப்புளத்தைச் சுற்றி, கோட்டுக்கு இம்மியும் வெளியே போகாமல். ஆறு வருடப் பழக்கம். கை தானாக அந்தக் கோட்டில் நின்றது. அண்ணன்மீதும் காண்ட்ராக்டர்மீதும் எழுந்த கோபம் கடைசியில் தன்மீதே திரும்பிக் கண்ணை நிறைத்தது.

பம்ப்காரர் தண்ணீரை அடித்தார். சிவப்பு வழிந்தோடியது. அவர் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அடிப்பாவி மகளே!"

சிவப்போடு அடியிலிருந்த கரியும் போயிருந்தது. கருப்புச் சுவரில் பளிச்சென்று இருபது வெள்ளைக் கைகள், மேலே வெள்ளை எழுத்து. கொப்புளங்கள் மட்டும் கருப்பாக நின்றன. எதிர்ச் சாலையில் பஸ்ஸில் போனவர்கள்கூட எழுத்தை உரக்கப் படித்தார்கள்.

மத்தியானம் காண்ட்ராக்டர் வந்தார். "கழுவச் சொன்னேனா இல்லையா?"

"கழுவியாச்சு சார். தொட்டுப் பாருங்க, ஒரு பொட்டு பெயிண்ட் இருக்கா?"

"அப்ப இது என்னடி?"

"சுத்தம்" என்றாள் சுரண்டி. "டி போடாதீங்க."

அவர் முகம் கறுத்தது. "சேத்தை அள்ளிப் பூசு."

"அழுக்கு பூசுறது எங்க வேலை இல்ல சார். வேணும்னா மொத்தச் சுவத்தையும் கழுவுறோம். எல்லார் கைக்கும் கிளவுஸ் வேணும். அண்ணியும் வரணும். அதுவரைக்கும் பிரஷ்ஷத் தொடமாட்டோம்."

தன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பின்னால் மூன்று பிரஷ்கள் வாளியில் விழும் சத்தம் கேட்டது. பம்ப்காரர் பம்பை நிறுத்தினார். ஐந்து பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

காண்ட்ராக்டர் போனை எடுத்தார். அரை மணியில் அடுத்த ஏரியாவில் சுவர் கழுவும் கூட்டம் வண்டியில் வந்து இறங்கியது. சுரண்டி வந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது.

அவர்களில் முன்னால் வந்தவள் தலைநரைத்த, வாட்டசாட்டமான பெண். எழுத்தை ஒரு முறை படித்தாள். சுவரருகே குனிந்து ஒரு வெள்ளைக் கையின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவள் கையிலும் பழைய தழும்பு தோலைச் சுருக்கியிருந்தது.

"என்னோடது கொஞ்சம் பெருசு" என்றாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளோடு வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

காண்ட்ராக்டர் மறுபடியும் போனைக் காதில் வைத்தார்.

"கூப்பிடுங்க சார்" என்றாள் சுரண்டி. "எத்தன வண்டி வேணும்னாலும் வரட்டும். சுவர் நீளமாத்தான் இருக்கு. எல்லாரும் உக்காரலாம்."