ஆஸ்திரியரும் ஜப்பானியரும் ஐயம்பேட்டை கிரேஸும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் வரவில்லை, அவ்வளவுதான். வராத பஸ்ஸுக்காக நின்றுகொண்டு செல்போனைத் தேய்த்தபோது ஒரு இணையப் பக்கம் வந்து விழுந்தது. அமெரிக்காவில் வாழும் ஆஸ்திரிய வம்சாவளியினர், ஜப்பானிய வம்சாவளியினர்: இந்த இரண்டு கூட்டத்தில் யாருக்கு வருமானம் அதிகம், யாருக்கு வேலை இல்லை, யார் வீட்டில் பட்டதாரி அதிகம். பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கட்டம் கட்டி, கலர் அடித்து வைத்திருந்தார்கள். இதை யாரய்யா கேட்டது?

அந்தக் கேள்விதான் கதை. காஞ்சிபுரத்தில் இந்த இணையப் பக்கம் தேவைப்படுகிற ஆள் ஒரே ஒருவர் இருந்தால், அவருக்கு என்ன தலையெழுத்தாக இருக்கும்? பஸ் வந்தது. நான் ஏறவில்லை, அந்த அளவுக்கு யோசனை. (பொய். ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்த பிறகுதான் யோசித்தேன்.)

2

முதல் வரி, முயற்சி ஒன்று: "தறிச் சத்தத்தோடு விடிந்தது காஞ்சி மாநக..."

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் தறிச் சத்தத்தோடுதான் விடியவைக்கிறான். இந்தக் கதை நடக்கிற தெருவில் காலையில் கேட்பது தண்ணீர் லாரியின் ஹார்ன்.

முயற்சி இரண்டு: "பட்டுப் புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்யப்பட்டு ஒன்றாகக் கோக்கப்படுவதைப் போல, இரண்டு சமூகங்களும்..."

இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த ஊரில் மைக் பிடித்த அத்தனை பேரும் இந்த உவமையைச் சொல்லியாயிற்று. ஜவுளிக்கடைத் திறப்பு விழாவிலும் சொல்கிறார்கள், காதுகுத்திலும் சொல்கிறார்கள்.

முயற்சி மூன்று: "கிரேஸ் தான் பேச வேண்டியதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டாள்."

இது இருக்கட்டும்.

3

கிரேஸ் ஐயம்பேட்டைக்காரி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதை வருடா வருடம் ஜூன் மாதம்தான் சொல்வார்கள். முனைவர் பட்டம் கையில் இருந்தால் நிரந்தர வேலைக்கு நிற்கலாம். அதற்காகப் பொருளியலில் ஆய்வு செய்கிறாள், தமிழில், ஆறு வருடமாக.

அப்பா வீரபத்திரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீரபத்திரனுக்கு எப்படி கிரேஸ் என்று மகள் என்கிறீர்களா? அம்மா கங்கையம்மாள் சர்ச்சுக்குப் போவாள், அப்பா போகமாட்டார். பெயர் வைத்த அன்றைக்கு அம்மா ஜெயித்தாள். அடுத்துப் பிறந்த தம்பிக்குச் சந்தோஷ்குமார் என்று வைத்து அப்பா சமன் செய்தார்.

கிரேஸ் முதலில் எடுத்த தலைப்பு ஆஸ்திரியாவும் இல்லை, ஜப்பானும் இல்லை. இரண்டு தெரு. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெரு, ஐயம்பேட்டையில் அவளுடைய தெரு. மூன்று தலைமுறையில் இங்கே என்ன ஆயிற்று, அங்கே என்ன ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு வழிகாட்டிப் பேராசிரியர் தேவராஜனிடம் போனாள். அந்தச் சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில்தான் அவர் வீடு.

தேவராஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நான் நிம்மதியா ரிட்டயர் ஆறது உனக்குப் பிடிக்கலையா? எங்க தெருவுல வடகலையும் தென்கலையும் பெருமாள் முன்னாடி யார் முதல்ல பாடறதுன்னு இன்னும் கோர்ட்டுக்கு நடந்துண்டிருக்கா. நீ மூணாவது பார்ட்டியா வந்து எங்காத்துக் கணக்கையும் உங்காத்துக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன்னா, ரெண்டு தெருவும் ஒத்துமையா சேர்ந்து என்னைத்தான் அடிக்கும்."

"அப்ப என்ன சார் எடுக்கறது?"

"தூரமா எடு. எவனும் பஸ் ஏறி வந்து நம்ம காலேஜ் வாசல்ல உட்கார முடியாத ரெண்டு பேரை எடு."

அப்படித்தான் அமெரிக்கா வந்தது. கணினியில், அங்கே குடியேறிய இனங்களின் பட்டியலைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இடத்தில் விரல் வைத்தாள். ஒன்று ஆஸ்திரியர், இன்னொன்று ஜப்பானியர்.

[ஆஸ்திரியாவை ஆஸ்திரேலியா என்று குழப்பிக்கொள்ளும் கங்காரு நகைச்சுவை ஒன்று இங்கே இருந்தது. நல்லவேளை, அடித்துவிட்டேன்.]

[தேவராஜனைப் பற்றி ஒரு சந்தேகம். இவரை வில்லனாக்குவது ரொம்பச் சுலபம், கதைக்கு ஒரு கைத்தட்டலும் கிடைக்கும். அதனால் இரண்டாவது வரைவில் அவரை நல்லவராக்கிப் பார்த்தேன். கிரேஸுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார், கட்டணத்துக்குத் துறைத்தலைவரோடு சண்டை போட்டார். அப்போதும் இதே வசனத்தைத்தான் சொன்னார். அப்படியே விட்டுவிட்டேன்.]

4

சிக்கல் என்னவென்றால், இரண்டு கூட்டமும் நன்றாகவே இருக்கிறது. நாட்டுச் சராசரிக்கு மேலே ஆஸ்திரியன், அவனுக்குப் பக்கத்திலேயே ஜப்பானியன். வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.* கங்கையம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கிறாங்க? அப்புறம் ஏம்மா அவங்கள போட்டு நோண்டிக்கினு இருக்கிற?"

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை செய்யும் சந்தோஷ்குமார் சாப்பிட்டுக்கொண்டே அபிப்பிராயம் சொன்னான்: "ஜப்பான்காரன் முன்னேறாம என்னாக்கா பண்ணுவான்? எங்க மேனேஜர் தும்மினாகூட அதுக்கு ஒரு மீட்டிங் போடுவாருக்கா."

ஏறக்குறைய இதைத்தான் தேவராஜன் அழகான தமிழில் முடிவுரையாக எழுதச் சொன்னார். உழைப்பு, ஒழுக்கம், சிக்கனம், குடும்பப் பண்பாடு. கிரேஸ் எழுதினாள். ஆனால் ஆறு வருடம் படித்ததில் வேறு ஒன்றும் கண்ணில் பட்டிருந்தது. கலிபோர்னியாவில் ஜப்பானியர் விவசாய நிலம் வாங்க முடியாதபடி நூறு வருடத்துக்கு முன்னால் சட்டம் போட்டிருக்கிறார்கள். பிறகு போர் வந்தபோது குடும்பம் குடும்பமாக அள்ளிப் போய் முகாமில் அடைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியரை அப்படி ஊரோடு யாரும் அள்ளவில்லை. அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று, 'பார், என்ன பண்பாடு, எப்படி முன்னேறிவிட்டார்கள்' என்று மெச்சுகிறார்கள். அதைப் படித்த அன்றே கிரேஸ் பேனாவை எடுத்தாள். ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி எழுதினாள்:

"ஒரு சமூகம் எவ்வளவு சம்பாதித்தது என்று கேட்பதற்கு முன்னால், அதை நிலம் வாங்க விடாதவர்கள் யார் என்று கேட்க வேண்டும்."

தேவராஜன் அதைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இது அமெரிக்காவைப் பத்தி இல்லையேம்மா."

"அமெரிக்காவைப் பத்திதான் சார். அடிக்குறிப்பு போட்டிருக்கேன்."

"அடிக்குறிப்பு அமெரிக்காலதான் இருக்கு. காதுல விழறது வேற."

வேறதான். ஐயம்பேட்டைப் பக்கம் தேவராஜனின் தாத்தாவுக்கு நஞ்சை இருந்தது. அதில் நாற்று நட்டவர்களில் ஒருவர் வீரபத்திரனின் அப்பா. இது பேராசிரியருக்கும் தெரியும், மாணவிக்கும் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு நாளும் பேசியதில்லை. (இந்தத் தற்செயல் கொஞ்சம் ஓவராக இருக்கிறது என்று தோன்றினால், காஞ்சிபுரத்தைச் சுற்றி ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.)

வரி ஆய்வேட்டிலிருந்து போயிற்று.

* ஆஸ்திரியர் என்று எழுதிக்கொள்கிறவர்களிலும் ஒரு கூத்து உண்டு. பழைய பேரரசு ஒன்றின் எந்தெந்த மூலையிலிருந்தோ கப்பல் ஏறியவர்களின் வாரிசுகள் அதில் கலந்து கிடக்கிறார்கள். கிரேஸ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாள். நான் படிக்கவில்லை. அவளை உண்டாக்கினவன் நான் என்பதற்காக எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

5

ஆய்வேட்டிலிருந்துதான் போயிற்று. கடைசியில் நடக்கும் வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், வாயால் சொல்லிவிடுவது என்று கிரேஸ் முடிவு செய்தாள். எழுத்தைத்தானே அடித்தார், வாயை இல்லையே.

எதையும் மனப்பாடம் பண்ண அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்குச் சர்ச் மேடையில் பிள்ளைகள் ஏறி வசனம் சொல்வார்கள். முன்வரிசை முழுக்க அம்மாக்கள். பிள்ளைக்கு இருக்கிற அதே மனப்பாடம் அம்மாவுக்கும் இருக்கும். பிள்ளை நடுவில் முழித்தால் அம்மா முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பாள், பிள்ளை மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. அம்மா எதற்கு இருக்கிறாள் பின்னே?

அதே மாதிரி இப்போதும். கங்கையம்மாள் கீரை ஆய்வாள், கிரேஸ் அடுப்படியில் நின்று ஆஸ்திரியரையும் ஜப்பானியரையும் ஒப்பிப்பாள். ஒரு மாதம் ஓடியதில் கலிபோர்னியா நிலச் சட்டம் அந்த வீட்டில் ரசப்பொடி மாதிரி புழங்கிய பொருளாகிவிட்டது. கடைசி வரி வரும்போது மட்டும் கங்கையம்மாள் கையை நிறுத்துவாள்.

"இது நல்லா இருக்குது. இத மட்டும் சத்தமா சொல்லும்மா."

வைவாவுக்கு முதல் நாள் சாயங்காலம் தேவராஜன் போன் செய்தார். எங்கேயோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"நாளைக்கு அந்த வரி வாயிலயும் வரப்படாது. வெளியூர்லேர்ந்து வர்ற தேர்வாளர் ஒரு மாதிரி. கோச்சுண்டு ரிப்போர்ட்டை இழுத்தடிச்சார்னா, நிரந்தர வேலை நேர்காணலுக்கு உன் கையில பட்டக் காகிதம் இருக்காது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாவி மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். கிரேஸ் "சரி சார்" என்றாள். வைத்த பிறகு போனை வெறித்துப் பார்த்தாள், போனுக்கு என்ன தெரியும்? அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கங்கையம்மாள் மறுநாளைக்கு என்று சேலையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்து, வாசலிலேயே அந்த வரியை ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

6

பொது வைவா என்பது கல்யாணத்தில் பாதி. வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும், தேர்வாளருக்குப் பொன்னாடை போட வேண்டும். வேறு ஊராக இருந்தால் அதோடு போகும். இது காஞ்சிபுரம். "வந்தது வந்தோம், வீட்டுல ஒரு புடவை..." என்று வெளித்தேர்வாளர் ஆரம்பித்து முடிக்காமல் விடுவார். முடிக்க வேண்டியது மாணவி. சபையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் மாணவியே எழுதி, துண்டுச் சீட்டாக நண்பர்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஆச்சரியப்பட்டு யோசித்துவிட்டு அவளே பதில் சொல்வாள். எல்லாம் ஒழுங்காக ஏற்பாடாகியிருந்தது. முன்வரிசையில் உட்காரும் அம்மாவுக்கு மட்டும் யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை.

கிரேஸ் பேசினாள். ஆஸ்திரியர் வந்தார்கள், ஜப்பானியர் வந்தார்கள், சராசரிகள் வந்தன. கங்கையம்மாள் உதடு கூடவே அசைந்தது. நிலச் சட்டம் வந்தது, முகாம் வந்தது. கிரேஸ் ஒரு மூச்சு விட்டாள். அடுத்து வர வேண்டியது அந்த வரி. அதைத் தாண்டினாள்.

"இத்துடன் என் உரையை..."

"ஒரு சமூகம்," என்றாள் முன்வரிசையில் அம்மா, மெதுவாக.

கிரேஸ் நிறுத்தினாள். தேவராஜன் தலையைத் தூக்கினார்.

பிள்ளை முழிக்கிறது என்று கங்கையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் படித்தது, பாவம், கூட்டத்தைப் பார்த்து மறந்துவிட்டது. இஸ்திரி போட்ட சேலையோடு பாதி எழுந்து, இந்தத் தடவை சபை முழுக்கக் கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு சமூகம் எவ்வளவு சம்பாதித்தது... சொல்லும்மா! ஒரு சமூகம் எவ்வளவு சம்பாதித்தது என்று கேட்பதற்கு முன்னால்..."

வெளித்தேர்வாளர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அம்மா என்ன சொல்றாங்க?"

7

முடிவு அ: கிரேஸ் சொல்கிறாள். சபை எழுந்து கைதட்டுகிறது, தேவராஜன் கண்ணைத் துடைக்கிறார். எழுதிவிட்டு நானே சிரித்தேன். அந்தச் சபையில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

முடிவு ஆ: "ஒண்ணுமில்ல சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல." பட்டம் கிடைக்கிறது, வேலையும் கிடைக்கிறது. இதுதான் நடக்கக்கூடியது என்று முழுசாக எழுதினேன். எழுதி முடித்ததும், பாதி எழுந்த கங்கையம்மாள் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. கிழித்துப் போட்டேன்.

முடிவு இ: தேவராஜனே மைக்கை வாங்கி மிச்ச வரியைச் சொல்கிறார். நியாயமாக இதுதான் வர வேண்டும். ஆசையோடு எழுத உட்கார்ந்தேன். மைக்கை வாங்கினார், தொண்டையைச் செருமினார், "சாப்பாடு ஆறிண்டிருக்கு" என்றார். நான் என்ன பண்ணுவேன்?

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. மைக் இன்னும் கிரேஸ் கையில்தான் இருக்கிறது. சொன்னால் காகிதம் எத்தனை மாதம் இழுக்குமோ தெரியாது. சொல்லாவிட்டால் நிலம் வாங்க விடாதவர்கள் யார் என்று அந்தச் சபையில் யாரும் கேட்கப் போவதில்லை. கங்கையம்மாள் தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மிச்சத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

அந்த மிச்சம் உங்களுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். கதையில் ஒரு தடவைதான் முழுசாக வந்தது, இருந்தாலும் ஆகியிருக்கும். முன்வரிசையில் கங்கையம்மாளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

பிள்ளை உங்களைத்தான் பார்க்கிறது.