பாலத்து நடுவில் ஒரு படையல்

1974ஆம் ஆண்டு முதல், மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீர், கிரியான் ஆற்றுப் பாலத்தின் நடுவைத் தாண்டி அடுத்த மாநிலமான கெடாவுக்குள் நுழைந்ததும் பச்சைத் தண்ணீராகிவிடும். மூடி திறந்திருக்காது, லேபிள் கசங்கியிருக்காது, உள்ளே இருப்பது மட்டும் மாறிவிடும். பெட்டிகளில் ‘பேராக்கில் மட்டும் விற்க’ என்று முத்திரை இருந்ததால் யாரும் பெரிதாக வியக்கவில்லை. சட்டத்தைப் பீர் மதித்த அளவுக்கு மனிதர்கள் மதித்ததில்லை. சோதனைச்சாவடி அதிகாரிகள் இரண்டு பாட்டிலை ருசி பார்த்துவிட்டு, இனி லாரிகளைத் தேட வேண்டியதில்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

கஷ்டம் இருளாயிக்குத்தான் வந்தது. பேராக்கில் அவள் குடியிருந்த, சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, கெடாவில் வேலை பார்த்த மகன் பத்துமலையோடு அவள் அக்கரைக்குக் குடிபோனாள். கணவர் உடையப்பன் தோட்டத்து மயானத்திலேயே தங்கிவிட்டார். அவர் நினைவுநாளில், கருவாட்டுக் குழம்போடு அவர் விரும்பிக் குடித்த பேராக்கின் ஜெலாப்பாங் ஊர்க் கடைக் கறுப்புப் பீரையும் வீட்டில் படைப்பது வழக்கம். அக்கரையில் பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர்தான் இறங்கியது. கெடாக் கடையில் வாங்கி வைத்தால் கிளாஸ் தானாகக் கவிழ்ந்தது. மூன்று வருடம் காக்கைகூட இலையைத் தொடவில்லை. புருஷன் தன்னை மறந்தே போய்விட்டார் என்று இருளாயி உடைந்துபோனாள்.

பீர் லாரி ஓட்டும் ஸ்டானிஸ்லாஸ்தான் வழி சொன்னான்.

“பீரு வரலன்னா என்னக்கா, அது இருக்கிற எடத்துக்கு நாம போலாம்லா.”

1979இல் பாலத்து நடுவில் இலை விரித்தார்கள். கெடா பக்கம் இருளாயி, பேராக் பக்கம் பாட்டில். உச்சிவெயிலில் உடையப்பன் காக்கி அரைக்கால் சட்டையோடு நடந்துவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வீட்டுக்கு வாங்க,” என்றாள்.

“எனக்கும் பெர்மிட்டு இந்தப் பக்கந்தான் புள்ள. கொழம்புல உப்பு கம்மியா இருக்கு.”

இருளாயி அழுதுகொண்டே உப்பு போட்டாள்.

பிறகு வருடத்துக்கு ஒருநாள், அவர் கைகழுவும்வரை இருபக்கமும் பஸ்கள் நின்றன. ஒருவரும் ஹார்ன் அடித்ததில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

1985இல் இருளாயி இறந்தாள். பத்துமலை அவளைச் சித்தியவானுக்குக் கொண்டுபோய் அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தான். மறுவருடம் பழக்கதோஷத்தில் ஒரே இலைதான் விரித்தான். பேராக் பக்கமிருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். பத்துமலை நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு இலை எடுக்க வீட்டுக்கு ஓடினான்.