ஜெபித்துச் சொல்கிறோம்

ஓசூரில் பெண் கேட்டுப் போகிற கிறிஸ்தவர்களுக்கு யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ‘ஜெபிச்சுச் சொல்றோம்’ என்பார்கள். வந்தவர்களும் வாசலில் செருப்பு மாட்டும்போதே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அடுத்த வீட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இது புரியாத ஒரே பிறவி ஃபெபாதான். அப்பா ஜெபிக்கிறேன் என்றால் ஜெபிக்கத்தான் போகிறார் என்று இருபத்தாறு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்படி நம்பக் காரணம் இருந்தது. அவள் அப்பா ஆனந்தராஜ் பாகலூர் ரோட்டுச் சபையின் செயலாளர். வண்டி வாங்குவதென்றாலும் வாடகை வீடு மாற்றுவதென்றாலும் கர்த்தரிடம் கேட்காமல் செய்யமாட்டார். உள்ளத்தில் சமாதானம் வந்தால் அது தேவ சித்தம், கலக்கம் வந்தால் தடை. ஃபெபாவே சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து ஸ்டீவ் அவளைப் பெண் கேட்டு வந்தான். அதே சபைப் பையன். அவள் வேலை செய்கிற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில்தான் அவனும் மெயின்டெனன்ஸில் இருந்தான். அவள் லைனில் மெஷின் நின்றால் அவன்தான் வருவான். ஒருநாள் வேலையை முடித்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “உங்க வீட்ல வந்து கேக்கட்டுங்களா? ஆண்டவருக்குச் சித்தம்னா நடக்கட்டும்” என்றான். அவ்வளவுதான் அவர்கள் காதல். ஃபெபா ஒரு வாரம் ஜெபித்தாள். ஒரு காலையில், கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம், மனசு அப்படியே அமர்ந்துபோனது. அத்தனை நிம்மதியை அதற்கு முன் அவள் அறிந்ததில்லை.

ஸ்டீவ் தன் அப்பா சவரியப்பனோடு வந்தான். ஃபெபாவின் அம்மா ஜோதிமணி காபியும் முறுக்கும் வைத்தாள். ஆனந்தராஜ் நன்றாகத்தான் பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பூர்வீகம் எங்கங்க?”

“பர்கூர் பக்கமுங்க. ஊருக்கு வெளிய, காலனிலதான் வீடு. நானு கல்லு குவாரில இருந்தவன்.”

“சந்தோசமுங்க. ஜெபிச்சுச் சொல்றமுங்க.”

சும்மா சொல்லக்கூடாது, ஆனந்தராஜ் உண்மையாகவே ஜெபித்தார். சனிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தார். ஃபெபாவும் இருந்தாள். தனக்குக் கிடைத்த சமாதானத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள்.

“அது மாம்சத்தோட ஆசைம்மா. நமக்கு வேணும்ங்கறதுக்கெல்லாம் அப்படித்தான் தோணும்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியபடியே முடிவையும் சொன்னார். “கர்த்தர் தடை பண்றாரும்மா. எனக்குள்ள சமாதானமே இல்ல.”

ஃபெபா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் நம்பினாள். இத்தனை வருஷம் முழங்காலில் நின்ற மனுஷனின் காதுக்குக் கேட்பதா பெரிது, நேற்று முளைத்த தன் காதுக்குக் கேட்பதா பெரிது? மறுநாள் கேன்டீனில் ஸ்டீவிடம் அவளே சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

“உங்கப்பா பூர்வீகம் கேட்டாரில்ல, அப்பவே எனக்கு வெளிப்பாடு வந்துருச்சுங்க.”

தேவ காரியத்தைக் கேலி பண்ணுகிறானே என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, கர்த்தர் தடுத்தார் என்றுகூட நினைத்தாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. ஜனவரியில் ஸ்டீவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சபை சார்பாக வேதாகமம் பரிசு கொடுத்து, தோளில் தட்டி வாழ்த்தியவர் ஆனந்தராஜ்தான்.

இந்த ஆகஸ்டில் ஊத்தங்கரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பிரேம்குமார், அவன் அம்மா பவளம். ஜோதிமணிக்குத் தூரத்து உறவு. ஃபெபா காபி கொடுத்துவிட்டுத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். பூர்வீகம் பற்றிய கேள்வி எழவில்லை. பவளம் காபியை ஒரு வாய் குடித்து, “பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்கண்ணா” என்றாள்.

“ரொம்ப சந்தோசமுங்க. அடுத்த மாசமே நிச்சயத்த வச்சுக்கலாம்” என்றார் ஆனந்தராஜ்.

அந்த வார்த்தை இனிமேல்தான் வரும் என்று ஃபெபா காத்திருந்தாள். வரவில்லை. மண்டபம் பற்றிப் பேச்சு போய்விட்டது.

“அப்பா, ஜெபிக்க வேணாமா?” என்றாள்.

ஆனந்தராஜ் சிரித்தார். மனசு நிறைந்த சிரிப்பு. “இதுல ஜெபிக்க என்னம்மா இருக்குது? நம்மவங்கதான.”

நம்மவங்க. அப்படியானால் சவரியப்பன் யார்? சபையின் திருவிருந்தில் அப்பாவோடு ஒரே அப்பத்தில் பிட்டு, ஒரே பாத்திரத்தில் குடித்த அந்த மனுஷன் யார்? அப்பாவைத் தடுத்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைவிடக் கசந்தது வேறொன்று. பஸ் ஜன்னலோரம் ஆண்டவர் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டிருந்தார். அதை அவள்தான் மாம்சம் என்று தூக்கிப் போட்டாள். ஸ்டீவ் உண்மையைச் சொன்னபோது அவனையே வெறுத்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தட்டை டீப்பாயில் வைத்துவிட்டுப் பவளத்தின் எதிரில் போய் நின்றாள்.

“ஆன்ட்டி, நான் ஜெபிச்சுச் சொல்றேன்.”

பவளத்தின் முகம் சுண்டிவிட்டது. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காபியை மிச்சம் வைத்தாள். பிரேம்குமார் பாவம், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

“என்னம்மா பேசற?” என்றார் ஆனந்தராஜ்.

“உபவாசம் இருக்கணும்ப்பா. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. எனக்குச் சமாதானம் வரணுமில்ல.”

பவளம் எழுந்து முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என்ன நடந்தாலும் ஜெபம் பண்ணாமல் கிறிஸ்தவ வீட்டை விட்டுக் கிளம்பமுடியாதே.

“அண்ணா, ஒரு வார்த்த ஜெபம் பண்ணிருங்க. நாங்க கெளம்பறோம்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஃபெபா மூடவில்லை. சபை விருந்தில் பிரியாணி ஆறிப்போகிற அளவுக்கு நீட்டி ஜெபிக்கிற அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்புள்ள பரலோகப் பிதாவே” என்று தொடங்கினார் ஆனந்தராஜ். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மறுபடியும் பிதாவே என்றார். கண்ணைத் திறந்தார். மகள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவசரமாக மூடிக்கொண்டார்.

கடைசியில் பவளமே ஆமென் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.