விமானத்துக்கு வைத்த பொட்டு

பணி ஓய்வு பெற்ற மூன்றாம் வாரமே எனக்கு ஒரு விமானத்தைப் பெண் பார்க்கிற வேலை வந்தது. 1984, ஐப்பசி மாதம்.

முப்பத்தோரு வருஷம் விமானங்களின் வயிற்றுக்குள் கையை விட்டவன் நான். ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டை மாடியில் வேஷ்டி உலர்த்திக்கொண்டு நிற்கும்போது, ஆற்றுக்குத் தெற்கே ஓர் எஞ்சின் இருமினால் போதும். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, அதைக் கடைசியாக முடுக்கியவன் இடது கைக்காரனா வலது கைக்காரனா என்று சொல்லிவிடுவேன். கைக்காரன் விஷயம் கொஞ்சம் மிகை. போல்ட் வரை உண்மை.

என்னைக் கூப்பிட்டவர் பிச்சைமுத்து. மருங்காபுரியில் பிறந்து தில்லை நகரில் லாரி ஷெட் வைத்திருந்தவர். அந்த வருஷம் சம்பா நெல்லில் புகையான் பூச்சி விழுந்து வயல் வயலாகக் கருகிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மருந்து தெளிக்க ஒரு பழைய விமானம் வாங்குவதென்று முடிவு செய்திருந்தார். லாரியை மோந்து பார்த்தே வாங்குகிறவர். விமானத்தையும் மோந்து பார்த்தார். பிடிபடவில்லை. அதனால் நான்.

விமானம் திருச்சி விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. ஒற்றை எஞ்சின் டர்போபிராப். அதாவது ஜெட் எஞ்சின்தான், ஆனால் முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றுகிற வேலை அதற்கு. மூக்கு அத்தனை நீளம். நுனியில் ஈ உட்கார்ந்தால் அது நடந்து கண்ணாடிக்கு வந்து சேர வெள்ளி சனி ஆகிவிடும்.

அதை ஓட்டிய கேப்டன் அற்புதசாமி ஒரு வருஷம் முன்னால், தெளித்துவிட்டு இறங்கி, கொட்டகை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இருதயம் நின்றதற்கும் விமானத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஊர் வாய் 'ஆளை முழுங்கின விமானம்' என்று பெயர் வைத்துவிட்டது. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பெயரைக் கேட்டதும் போய்விட்டார்கள். பழைய இரும்பு எடுக்கும் பரக்கத் அலி வந்து இறக்கையை எங்கே வெட்டலாம் என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். பிச்சைமுத்துதான் கடைசி ஆள். அவரும் வேண்டாமென்றால் மறுநாள் வெட்டு.

கேப்டனின் மனைவி செல்வமேரி ஸ்கூல் டீச்சர். கொட்டகையில் பதிவுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க நல்லா பாருங்க சார். கெட்டதுன்னா கெட்டதுன்னு எழுதுங்க. ஆளை முழுங்குச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அவர் இதை அவ்வளவு பாத்துக்கிட்டார்."

நான்கு நாள் பார்த்தேன். இந்த எஞ்சினுக்கு ஓடிய மணி மட்டும் வயசு ஆகாது. எத்தனை தடவை சூடேறிக் கிளம்பியது என்பதும் வயசுதான். அதைப் பலர் எழுதுவதில்லை. கேப்டன் ஒவ்வொரு ஸ்டார்ட்டையும் முத்து முத்தாக எழுதியிருந்தார். உள்ளே குழாய்க் கண்ணாடி விட்டு டர்பைன் இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றிலும் கீறல் இல்லை.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, பறந்து பார்ப்பது. பிச்சைமுத்துவின் பைலட் அமிர்தராஜ் காலையிலேயே வந்து விமானத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, டவரோடு பேசப் போனார். அந்த இடைவெளியில் பிச்சைமுத்து சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"ஸ்ரீரங்கத்துக் கை. உங்க கையால வைங்க சாமி."

வைத்தேன். மூக்கில், சக்கரத்தில், கதவில். வைத்துக்கொண்டே, ஒரு முறை நான் காதால் கேட்டே ஒரு விமானத்தைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஏழெட்டு பேர். கதையில் நான் வளர வளர என் கை தன் பாட்டுக்குப் போனது. விமானத்தின் உடம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்பு வளையம் வரைந்திருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. பொட்டு வைக்கவே வரைந்தது போல இருக்கும். இரண்டிலும் கெட்டியாக வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு விமானம் கிளம்பியது.

இருபது நிமிஷம். எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. நான் சிரித்த முகமாக நின்றேன். அமிர்தராஜ் இறங்கி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"உயரம் காட்டுற முள்ளு அசையவே இல்லை சார். மலைக்கோட்டை எனக்குக் கீழ கிடக்குது, முள்ளு நான் தரையில நிக்கிறேங்குது. ஏற ஏற வேகமும் கொறைஞ்சுக்கிட்டே வருது. அதை நம்பி மூக்கை அமுக்கியிருந்தா, பொன்மலையில யாரு வீட்டுக் கூரையிலயாவது இருந்திருப்பேன். ஆத்தைப் பாத்து, காதால கேட்டு வந்தேன்."

பிச்சைமுத்து விமானத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். "ஒரு முள்ளுன்னா ரிப்பேருங்கலாம். எல்லாம் ஒண்ணா நின்னா? அந்த மனுஷன் இன்னும் எறங்கலை சாமி. வேற ஆளை உக்கார விடமாட்டாரு. எனக்கு வேணாங்க."

செல்வமேரி பதிவுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். "பரக்கத் அலி பாய்க்குச் சொல்லி அனுப்பிடுறேன்" என்றார்.

எனக்குக் காது அடைத்தது. உயரமும் வேகமும் காட்டும் முட்களுக்கு வெளிக்காற்று போகும் வழி அந்தச் சிவப்பு வளையத்துத் துளைகள். நூறு பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். விமானத்தைச் சுற்றி நடந்தேன். சந்தனம் வெயிலில் காய்ந்து சிமெண்ட்டாக இறுகியிருந்தது.

தோளில் துண்டு இருந்தது. ஈரப்படுத்தி ஒரு துடைப்பு. பிறகு உள்ளே ஏறி நாலு தட்டு தட்டி, சரியாகிவிட்டது என்று இறங்கலாம். ஸ்ரீரங்கம் முழுக்க என் கதை பறக்கும். இடது பக்கத்துப் பொட்டைத் துடைத்தேவிட்டேன். துளையை ஊசியால் சுத்தம் செய்துவிட்டு வலது பக்கம் வந்தால், அங்கே செல்வமேரி நின்றுகொண்டிருந்தார்.

"ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சப்பகூட, எங்க வீட்டுக்காரர் இந்த வளையத்துக்கு மேல கையைக் குவிச்சு மறைச்சுக்கிட்டார் சார். என்னங்க, சாமி தண்ணிதானேன்னு கேட்டேன். விமானத்துக்கு இதுதான் மூக்குத்துவாரம் மேரி, யாரும் தொடக் கூடாதுன்னார்." பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

என் துண்டைப் பார்த்தார். பிறகு நகர்ந்து நின்றார்.

துடைத்துவிட்டால் முள் அசையும். ஆனால் காரணமில்லாமல் நின்ற முள் காரணமில்லாமல் அசைந்தால், அது கேப்டனின் ஆவிக்கு இன்னொரு சாட்சி. பிச்சைமுத்து போய்விடுவார். சாக்பீஸ் கோடு அங்கேயே இருந்தது. ஒரு செத்த மனிதரின் பெயரில் என் தப்பை ஒளித்து வைக்கப் பார்த்தேன்.

எல்லாரையும் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"நான் அடைச்சது. இந்தப் பொட்டு. அந்தப் பக்கமும் வச்சேன், இப்போ துடைச்சுட்டேன். விமானத்துல ஒரு குத்தமும் இல்லை. கேப்டன்கிட்டயும் இல்லை."

அமிர்தராஜ் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். சந்தனத் துகள் விரலில் வந்தது. கத்துவார் என்று நினைத்தேன்.

"மேல இருக்கும்போது என் பிள்ளைங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டேன் சார்" என்றார். "மூணாவது பேரு ஞாபகம் வரலை."



பிச்சைமுத்து நடுவில் வந்தார். "முப்பது வருஷமா லாரிக்குப் பொட்டு வைக்கிறேன். ஹெட்லைட்டுல வச்சாலும் ஓடுச்சு. குடுத்தவன் நான், கையைச் சொல்லி என்ன?"

"குடுத்தவருக்குத் தெரியாது. வாங்கினவனுக்குத் தெரியும்" என்றேன்.

அமிர்தராஜ் வலது பக்கத்தைத் தானே துடைத்து, ஊசியை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏறுங்க சார்" என்றார். "இப்போ நீங்களும் வரணும். மீதி சந்தனம் இருந்தா நெத்தியில வச்சுக்கிட்டு வாங்க."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தரை விலகியதும் முள் அசைந்தது. ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம். கீழே ராஜகோபுரத்தின் பாதி கட்டிய தலை, மணல் தெரியும் ஆறு, தீக்குச்சி போலப் பாலம். ஒரு மிகையும் தோன்றவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: முதல் பறப்பில் கருவிகள் நின்றதற்குக் காரணம், பரிசோதித்தவர் காற்றுத்துளைகளைச் சந்தனத்தால் அடைத்தது. கீழே என் கையெழுத்து. பிச்சைமுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார். பரக்கத் அலியே வந்து சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு, "நல்லதுதாம்மா, எனக்கும் வெட்ட மனசில்லை" என்று போனார்.

மறுவாரம் வயலுக்குப் புறப்படும் நாள். பிச்சைமுத்துவின் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். நாலு கிண்ணம் சந்தனம். கூட்டம் விமானத்தைச் சூழ்ந்தது.

செல்வமேரி இடது பக்க வளையத்தருகே போய், தொடாமல், அதன்மேல் கையைக் குவித்துக்கொண்டு நின்றார்.

நான் வலது பக்கம் போனேன்.