பதினாறு ஜிபியும் இரண்டு பூப்பொட்டலங்களும்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் பல காலம் கனன்று ஒரு மழைநாளில் பீறிட்டதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்கு லேப்டாப் சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற குடும்பம் முக்கால் மணி நேரம் கவுன்டரை விட்டு நகரவில்லை. வேறு வேலை இல்லாததால் ஒட்டுக் கேட்டேன். இலக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. பேட்டி கொடுக்கும்போதுதான் வேறு மாதிரி சொல்வார்கள்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) நினைவென்பது யாது? வேகமென்பது யாது? இவ்விரண்டுக்குமிடையே ஊசலாடும் மானுட

[எழுதியவன் வெட்கப்பட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.]

(ஆ) மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் துயிலும் ராஜபாளையம்

[துயிலவில்லை. மில்லில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது.]

(இ) சிவரஞ்சனியின் லேப்டாப் மறுபடியும் நின்றுபோனது.

இதை வைத்துக்கொள்வோம். அழகில்லை, ஆனால் நடந்தது.

2.

சிவரஞ்சனி ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோக்காரர் ஹரிகிருஷ்ணன் படங்களை அனுப்புவார். இவள் மாப்பிள்ளையின் முகப்பருவை அழித்து, பெரியப்பாவின் கண்ணைத் திறந்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை ஓட விட்டுத் திருப்பி அனுப்புவாள். ஏழு வருட வேலை. அன்று காலை அவரிடமிருந்து குரல்செய்தி வந்திருந்தது.

"யக்கா, ஞாயித்துக்கெழமைக்குள்ள மூணு ஆல்பமும் வரணும். இல்லைன்னா சிவகாசி ஜெபின்ட்ட குடுத்துருவேன். பொறவு மொத்த வேலையும் அவன்ட்டதான். கோவிச்சுக்கிடாதிய."

லேப்டாப் எதனால் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்பது படத்தை ஒன்றாகத் திறந்ததும் மெமரி, அதாவது ரேம், தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டும்; ப்ராசசர் முப்பதில் சும்மா உட்கார்ந்திருக்கும். இதை ஒரு மாதமாகக் கவனித்து மாதக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதியே வைத்திருந்தாள்.

ஆகவே கதை இங்கேயே முடிந்துவிட வேண்டும். மெமரி கூடுதலாக உள்ளதை வாங்குவாள், வேலை செய்வாள், சுபம். ஆனால் தெரிந்தவரிடம் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. யாருக்குத் தெரியாதோ அவருக்குத்தான் முதலில் போன் போடுவோம்.

3.

விஜயபாண்டி வருகிறார்.

சிவரஞ்சனியின் கணவன் சமுத்திரத்துக்குச் சித்தப்பா. அவளுக்குச் சின்ன மாமா. பட்டாளத்தில் பதினேழு வருடம், சிக்னல்ஸ் பிரிவு. ஆகவே டிவி, மோட்டார், ஏவுகணை, இணையம் எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் அவர் வாக்கே கடைசி.* இவர் கேலிச்சித்திரம் போல இருக்கிறாரே என்று வெட்டப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

* பதினேழு வருடமும் ஸ்டோரில் கேபிள் சுருட்டி அடுக்கினார். அது கேவலமில்லை, நாடு காப்பதில் கேபிளும் உண்டு. ஆனால் அவர் அதைச் சொல்வதில்லை.

ராஜபாளையத்தில் கடை இல்லாமலா இந்த ஊருக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். இது 'தெரிஞ்ச கடை'. தெரிஞ்ச கடையில் விலை குறையாது, நாற்காலி போடுவார்கள்.

4.

கடைக்காரர் காமராஜ் இரண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்தார்.

"ரெண்டும் ஒரே விலைதான் அண்ணாச்சி. இதுல ரேம் பதினாறு ஜிபி, ப்ராசசர் சுமாரு. அதுல ப்ராசசர் சூப்பரு, ரேம் எட்டுதான். பொறவு கூட்டிக்கிடலாம்னு நெனைக்காதிய, ரேமைப் போர்டோட சேத்து ஒட்டிட்டான்."

"ப்ராசசர்தான் மூளை," என்றார் விஜயபாண்டி, நாற்காலியில் சாய்ந்து. "மூளை இல்லாதவனுக்கு ஞாபகசக்தி எதுக்கு?"

"மாமா, எனக்கு ஒரே நேரத்துல நாப்பது படம் தெறந்து வைக்கணும். மேசை சின்னதா இருந்தா, உக்காந்திருக்கவன் எம்புட்டு கெட்டிக்காரனா இருந்தாலும் எல்லாம் கீழதான விழும்?"

"மேசை வாங்கவா வந்துருக்கோம்? ஏலே சமுத்திரம், உன் பொண்டாட்டி என்ன சொல்லுதா?"

"சித்தப்பா சொன்னா ஒரு காரணம் இருக்கும், ஏட்டி," என்றான் சமுத்திரம். [இல்லை.]

சிவரஞ்சனி காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். விஜயபாண்டி அதன் முன்பக்கத்தைப் படித்தார்.

"இன்னைக்கு ராகுகாலம் பத்தரைக்குத்தான். அதுக்குள்ள முடிச்சிருவோம். மனுசன் சொன்னா நீ கேக்க மாட்டேங்க. அம்மன்ட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா ரேமு, செவப்பு வந்தா ப்ராசசரு."

ஏவுகணை வரை அறிந்தவர் அரளிப் பூவுக்கு வந்து சேர்ந்த இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். காமராஜ் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே லாபம்.

"பொட்டலம் கட்டுறதெல்லாம் பொம்பளையாளுக வேலை. நீயே பூ வாங்கிக் கட்டிக் கொண்டா," என்று அவளிடம் சொல்லிவிட்டு விஜயபாண்டி முன்னால் நடந்தார்.

5.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சார்ஜரோடு வீடு திரும்பிவிட்டேன். இனி எல்லாம் என் கைச்சரக்கு.

பக்கத்துத் தெரு அம்மன் கோயில். பூசாரி கருத்தையா இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

சிவரஞ்சனி கும்பிட்டாள். சமுத்திரம் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கும்பிட்டான்.

"சாமி, அந்த இன்னொண்ணையும் குடுங்க," என்றார் விஜயபாண்டி. "பிரிச்சுப் பாத்துருவோம். பட்டாளத்துல எல்லாம் ரெண்டு தடவை செக்கிங்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கே இப்போதுதான் தெரியும். அவள் இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்திருக்கிறாள்.

6.

முடிவுகள்.

ஒன்று: பிரிக்கிறார். அம்மனையே ஏமாற்றியவள் என்று பெயர் வாங்குகிறாள். எட்டு ஜிபி வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபின் வாழ்க.

இரண்டு: ஆசிரியன் என்ற அதிகாரத்தில் நான் உள்ளே புகுந்து இரண்டாவது பொட்டலத்தில் சிவப்பை வைத்துவிடலாம். யாருக்கும் சேதமில்லை. ஆனால் அப்போது ஒரு மாதம் கவனித்து அவள் எடுத்த முடிவு, குருட்டாம்போக்கில் வந்த அதிர்ஷ்டமாகிவிடும். விஜயபாண்டி செய்ததையே நானும் செய்த மாதிரி.

மூன்று: கருத்தையாவுக்குத் திடீரென்று அருள் வந்து, பொட்டலத்தோடு ஆடி

[வேண்டாம். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.]

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது, கருத்தையா பொட்டலத்தை நீட்டிவிட்டார். விஜயபாண்டியின் கைக்கு முன்னால் சிவரஞ்சனியின் கை போய் வாங்கிக்கொண்டது. அவள் என்னைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால், காசு கொடுக்காமல் இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தபடி நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இதச் செத்த பிடிங்க. தலைமுடி அவுந்துருச்சு, முடிஞ்சுக்கிடுதேன்."

பொட்டலம் இப்போது உங்கள் கையில். உண்டியல் உங்களுக்கு இடப்பக்கம். பூக்கூடை வலப்பக்கம்; அதில் சிவப்பு அரளியும் கிடக்கிறது.

"ஏங்க, அந்தப் பொட்டலத்த இங்கிட்டுக் குடுங்க," என்று விஜயபாண்டி கையை நீட்டியபடி வருகிறார்.

அவள் உங்களைப் பார்க்கவில்லை. கொண்டை முடிய இன்னும் ஒரு சுற்றுத்தான் பாக்கி.