எருமைத்தோல் கிளட்ச்

என் கணவர் வேல்ராஜுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். கணக்குப் பார்த்தால் அந்த வண்டிதான் மூத்தவள், நான் இரண்டாவதாக வந்தவள்.

போன மாதம் செம்பூருக்குப் போகும்போது மேம்பால ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கிவிட்டது. இஞ்சின் போடுகிற கூச்சலில் ஊரே கூடிவிடும், சக்கரம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பட்டுச்சேலையோடு இறங்கிப் பின்னால் தள்ளினேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த என் தம்பியின் மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சிரித்துக் கையை வேறு ஆட்டினாள். மானம் கப்பலேறிப் போயிற்று.

வண்டியை விற்றே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தம்பி தமிழ்செல்வனும் ஆள் பிடித்துவிட்டான். அவனோடு ஆபீசில் இருக்கிற ஒருவர், பழைய வண்டி என்றால் உயிரை விடுவாராம். ஞாயிற்றுக்கிழமை தம்பி செம்பூரில் புது பிளாட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். அங்கே வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

"ஏ இசக்கி, ஒரே ஒரு தடவ அந்தப் பாலத்துல ஏத்திக் காட்டுதேன். ஏறலேன்னா நானே சாவியக் குடுத்திருதேன்" என்றார் என் கணவர். முகம் சுண்டிப்போயிருந்தது. சரி என்றேன். ஏறாது என்று எனக்கு முழு நம்பிக்கை.

சந்திலேயே உட்கார்ந்து கிளட்சைப் பிரித்தார். உள்ளே வட்ட வட்டமாகத் தகடுகள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள அவற்றின்மேல் ஒரு பட்டை இருக்கிறது. அது தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. புத்தியுள்ள மனிதர் கடைக்குப் போய்ப் புதுத் தகடு வாங்குவார். அதற்குள் அடுத்த பட்டறை ஜெயினுலாப்தீன் பாய் வந்து குந்திவிட்டார். செருப்புக்கு அடித்தோல் வெட்டுகிறவர் அவர்.

"சோல் தேஞ்சா செருப்பத் தூக்கியா போடுதோம்? புது சோல் ஒட்டுதோம்லா? இதும் அதேதான் வேலு."

தாராவித் தோல்காரர்களுக்கு இப்படி ஒரு வியாதி. உலகத்தில் தோலால் முடியாத காரியம் கிடையாது என்று நினைப்பு. இருவருமாக எருமைத்தோலை வளையம் வளையமாக வெட்டி, சொல்யூஷன் பசை தடவித் தகடுகளில் ஒட்டி, அடித்தோல் அமுக்கும் பிரஸ்ஸில் வைத்து இறுக்கினார்கள். அந்தத் தகடுகள் ஓடுவதோ எண்ணெய்க்குள்ளே. ஊறினால் தோல் உப்பும் என்பது மும்பை மழையில் தோல்செருப்பு போட்டு நடந்த யாருக்கும் தெரியும். இரண்டு தோல்காரர்களுக்கும் அது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. என்னை யாரும் கேட்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பாலத்தில் ஏறியது. ஏறியதா, பாய்ந்தது! ஒரு டாக்சியை முந்திக்கொண்டு போனோம். பொய் சொல்வானேன், எனக்கே பெருமையாக இருந்தது.

"பாத்தியா ளா?"

"பாத்தேன். நீங்க ரோட்டப் பாருங்க."

பாலம் இறங்கியதும் அவர் முதுகு விறைத்தது. கிளட்சை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறார், வண்டி பாட்டுக்குப் போகிறது. இசக்கியம்மன் புண்ணியத்தில் சிக்னல் எல்லாம் பச்சை.

"கோவப்படாத ளா. தோல் உப்பிட்டு போல, கிளட்ச் பிரிய மாட்டேங்கு. நின்னா அணஞ்சிரும். அணஞ்சா தள்ளினாத்தான் கிளம்பும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் காலனி வந்துவிட்டது. வாசலில் தம்பி, அவன் மனைவி கலைச்செல்வி, வண்டி வாங்க வந்தவர். "அக்கா!" என்றான் தம்பி. "இந்தா வாரோம்" என்று கையை ஆட்டிக்கொண்டே அவர்களைக் கடந்து போனோம். காலனியைச் சுற்றி வந்து மறுபடியும் கடந்தோம். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

"மெதுவாப் போங்க. நான் எறங்கிக்கிடுதேன்."

"ஓடுத வண்டிலயா?"

"லோக்கல் ரயில்ல தெனமும் எப்படி எறங்குதேன்?"

ஒரு கையில் பழத்தட்டு, மறு கையில் சேலைக் கொசுவம். வண்டி போகிற பக்கமே குதித்து, கொஞ்சதூரம் ஓடி, கலைச்செல்வியின் முன்னால் போய் நின்றேன். ஒரு பழம்கூட உருளவில்லை.

"மதினி, அண்ணன் எங்க போறாங்க?"

"ஏத்தம் ஏறின சூட்டோட நிறுத்தப்படாதாம். ஆறவிட்டுட்டு வருவாங்க."

வாய்க்கு வந்த பொய். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. விற்கச் சொன்னவள் நான்தானே?

வாங்க வந்தவருக்கோ, என் கணவர் தமக்காகத்தான் வண்டியை ஓட்டிக் காட்டுகிறார் என்று நினைப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் "அரே, க்யா பிக்கப் ஹை!" என்று வண்டியின் இழுவையை மெச்சிக் கைதட்டினார். வண்டி பிடித்துவிட்டது, இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் இந்தியில் சொன்னார்.

"என்னக்கா, முடிச்சிரலாமா?"

அப்போது என் கணவர் மறுபடியும் எங்களைக் கடந்து போனார். கைதட்டுகிறவரை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். விற்றுவிடுவாளோ என்ற பயம் அந்தக் கண்ணில் அப்படியே இருந்தது. இந்த மனிதர் தனக்கென்று ஆசையாக வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். அதற்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டு காலனியைச் சுற்றுகிறார்.

"விக்கிறதுக்கு இல்ல தம்பி."

"நீதானக்கா சொன்னே!"

"அதயும் நாந்தான் சொன்னேன், இதயும் நாந்தான் சொல்லுதேன்."

அடுத்த சுற்றில் வாசலைத் தாண்டி ரோட்டுக்கே வந்து நின்று கத்தினேன். "ஏங்க! வண்டிய விக்கல! பெட்ரோல் தீந்ததும் சாப்பிட வாங்க!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் என் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார், நின்று அணைந்தால் அத்தனை பேர் முன்னாலும் தள்ள வேண்டுமே. அவர் மாடி ஏறி வந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள், பாயசம் தீர்ந்திருந்தது. என் பங்கை மூடி வைத்திருந்தேன்.